தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கேம்களைச் சீராக ஓட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய மடிக்கணினி அது. இன்டெல் கோர் ஐ5-1135ஜி7 பிராசஸர், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வாங்கும்போது பார்த்த விவரப் பட்டியலில் 'ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ்' என்று இருந்தது. வீட்டில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வெறும் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டியது. "மாமா, கடையில் என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று முகம் வாடி வந்து நின்றான்.

யாரும் ஏமாற்றவில்லை. உள்ளே இருந்தது அதே சிப்தான். இன்டெல் வைத்திருக்கும் விதிப்படி, ரேம் இரண்டு சேனல்களில், அதாவது பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு தரவுப் பாதைகளில், ஓடினால்தான் அந்த கிராபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரில் தெரியும். ஒரே சேனலில் ஓடினால் யுஎச்டி என்றே காட்டும். அவன் கணினியில் ஒரே ஒரு ரேம்தான் இருந்தது. இன்னொரு 8 ஜிபி ரேமைப் பொருத்தி இயக்கினோம், பெயர் மாறிவிட்டது. அதைவிட அவனுக்கு மகிழ்ச்சி தந்தது வேறு: நொடிக்கு முப்பது ஃப்ரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கும்) கீழே திணறிக்கொண்டிருந்த கேம், எந்த அமைப்பையும் தொடாமலே நாற்பதைத் தாண்டியது.

பெயர் மாறியதற்கும் வேகம் கூடியதற்கும் காரணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால், பிராசஸருக்குள்ளேயே அமைந்த ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ஏன் திணறுகிறது?

தனி கிராபிக்ஸ் கார்டு தனக்கென்று வேகமான நினைவகத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்கு அது இல்லை. பிராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பயன்படுத்த வேண்டும். கணக்கைப் பாருங்கள்: டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் தரவைக் கடத்தும். அதாவது நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனல்களில் ஓடினால் 51.2 ஜிபி. சாதாரணமான ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கே நொடிக்கு 128 ஜிபி கிடைக்கிறது, அதுவும் யாருடனும் பங்கு போடாமல்.

ஒரே மதகிலிருந்து இரண்டு வயல்களுக்குத் தண்ணீர் பாய்வதைப் போன்றது இது. மேல்வயலில் பிராசஸர் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் கிராபிக்ஸுக்கு வந்து சேரும். தண்ணீர் மட்டுமா பங்கு? பல மெல்லிய மடிக்கணினிகளில் முழு சிப்புக்கும் சேர்த்து 15 வாட் அளவில்தான் மின்சாரம் ஒதுக்கியிருப்பார்கள். பிராசஸர் அதிகம் எடுத்தால் கிராபிக்ஸ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பத்திலும் இதே கதை. எனவே நாம் செய்யப்போவதெல்லாம் மூன்று வேலைகள்: நினைவகப் பாதையை அகலமாக்குவது, மின்சாரமும் வெப்பமும் கிராபிக்ஸுக்குச் சாதகமாகப் பகிரப்படும்படி பார்ப்பது, கேம் கேட்கும் வேலையைக் குறைப்பது. இந்த மூன்றில் எதையும் தொடாத 'கேம் பூஸ்டர்' மென்பொருள்களில் நேரத்தையும் பணத்தையும் இழக்காதீர்கள்.

படி 1: முதலில் அளவெடுங்கள்

இதைத் தாண்டிப்போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். தாண்டிப்போகாதீர்கள். கேமில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமும் சண்டையும் நிறைந்த இடமாக இருப்பது நல்லது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தில் மூன்று நிமிடம் விளையாடிப் பார்த்து, சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எவ்வளவு, மிகவும் கீழே இறங்கியபோது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

விண்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பாரில் செயல்திறன் சாளரம் இருக்கிறது. எஃப்பிஎஸ், பிராசஸர், கிராபிக்ஸ், ரேம் எல்லாம் அதிலேயே தெரியும். வெப்பநிலைக்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கேமைத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆன பிறகு எடுத்த அளவைத்தான் நம்புங்கள். சூடேறாத கணினி முதல் சில நிமிடங்கள் எப்போதும் நன்றாகத்தான் ஓடும்.

எண்களைப் படிப்பது எளிது. கிராபிக்ஸ் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், சுமை கிராபிக்ஸில் இருக்கிறது. ரெசல்யூஷனை, அதாவது வரைய வேண்டிய பிக்சல்களின் எண்ணிக்கையை, குறைத்தால் பலன் உண்டு. கிராபிக்ஸ் 60 சதவீதத்தில் சும்மா இருக்க, எஃப்பிஎஸ் மட்டும் குறைவாக இருந்தால் பிராசஸரோ ரேமோ தடுக்கிறது. தொடக்கத்தில் 45 வந்த கேம் பத்து நிமிடத்தில் 25க்கு இறங்கினால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

படி 2: ரேம்

செலவு செய்வதென்றால் இங்கேதான் செய்ய வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் நினைவகத்தைச் சொடுக்குங்கள். வலப்பக்கம் கீழே ரேமின் வேகமும், ரேம் செருகும் ஸ்லாட்கள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் உங்களுக்கு நல்ல செய்தி: காசு கொடுத்து வாங்கக்கூடிய ஆகப் பெரிய முன்னேற்றம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

சேனல் விவரத்தை உறுதிசெய்ய சிபியு-இசட் மென்பொருள் உதவும். டிடிஆர்5 ரேம் உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். அந்த வகையில் ஒரே ரேமுக்குள்ளேயே 32 பிட் அகலமுள்ள இரண்டு துணைச் சேனல்கள் இருப்பதால், ஒன்று மட்டும் போட்டிருந்தாலும் 'இரண்டு' என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு ரேம் போட்டால்தான் அகலம் 128 பிட் ஆகும். தாய்ப்பலகையிலேயே பற்றவைத்த எல்பிடிடிஆர் வகை நினைவகம் உள்ள மெல்லிய கணினிகளில் நாம் சேர்க்க எதுவும் இல்லை. அவற்றில் பெரும்பாலும் பாதை ஏற்கெனவே அகலமாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது வகை பொருந்த வேண்டும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்3யோ டிடிஆர்5யோ நுழையாது. இருக்கும் ரேமின் கொள்ளளவிலேயே இன்னொன்று வாங்குவது நல்லது. வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். 4 ஜிபியுடன் 8 ஜிபி சேர்த்தால், இன்டெல் கணினிகளில் சமமான பகுதி இரட்டைச் சேனலிலும் மிச்சம் ஒற்றையிலும் ஓடும். முழுப் பலன் இல்லை என்றாலும் ஒற்றை ரேமைவிட எவ்வளவோ மேல்.

பொருத்தும் வேலை பயப்படும்படியானது அல்ல, பொறுமையாகச் செய்ய வேண்டியது. முதலில் உத்தரவாத நிபந்தனைகளைப் பாருங்கள். மூடியைத் திறக்கக் கூடாது என்றிருந்தால் சேவை மையத்திலேயே போடச் சொல்லுங்கள். நீங்களே செய்வதென்றால், கணினியை முழுமையாக அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடியில் உள்ள திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. நாங்கள் ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகோ அந்த இடத்திலேயே வைத்தோம். இரண்டு திருகுகள் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. மூடி வரவில்லை என்று பலத்தைக் காட்டாமல், இன்னும் ஒரு திருகு எங்கோ இருக்கிறது என்று தேடுங்கள். உள்ளே பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ரேமின் விளிம்பில் உள்ள வெட்டு, ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். சாய்வாக உள்ளே செருகி, தங்க நிறக் கம்பிகள் மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும். முதல் முறை இயக்கும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமோடு கணினி பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறி அணைத்துவிடாதீர்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள், குறிப்பாக ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர் உள்ளவர்கள், இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலான பலகைகளில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேம் இருக்க வேண்டும். அடுத்து, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற அமைப்பை இயக்க வேண்டும். இல்லையென்றால் 3200 என்று அச்சிட்ட ரேம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் ஆண்டுக்கணக்கில் வீணாகக் கிடப்பதை நான் பல கணினிகளில் பார்த்திருக்கிறேன்.

பயாஸில் கிராபிக்ஸுக்கென்று நினைவகத்தை ஒதுக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. 16 ஜிபி ரேம் இருந்தால் 2 ஜிபி ஒதுக்கலாம். 8 ஜிபி மட்டும் இருந்தால் தானியங்கியாகவே விட்டுவிடுங்கள். ஒதுக்கியது போக விண்டோஸுக்கும் கேமுக்கும் இடம் போதாமல் நிலைமை மோசமாகும். விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை எழுதி கிராபிக்ஸ் நினைவகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் காணொளிகளும் ஏராளம். அந்த எண், நினைவகம் போதாது என்று தொடங்கவே மறுக்கும் சில பழைய கேம்களைச் சமாதானப்படுத்தும். வேகத்தில் ஒரு ஃப்ரேம்கூடக் கூட்டாது.

படி 3: வெப்பமும் மின்சாரமும்

எப்போதும் சார்ஜரில் இணைத்தே விளையாடுங்கள். விண்டோஸ் 11இல் அமைப்புகளுக்குள் பவர் பகுதியில் 'சிறந்த செயல்திறன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளரின் மென்பொருளில் விசிறி வேகத்துக்குத் தனி அமைப்பு இருந்தால் அதையும் உயர்த்துங்கள்.

மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். கடினமான மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கனமான புத்தகம் ஒன்று போதும், துளைகளை மறைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. அறையின் வெப்பத்தைவிடச் சிப் இத்தனை டிகிரி மேலே இருக்கும் என்பதுதான் இங்கே கணக்கு. ஆகவே மார்கழியில் சீராக ஓடிய கேம் கத்திரி வெயிலில் திணறுவதற்குக் காரணம் வைரஸ் அல்ல.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன கணினி என்றால் உள்ளே தூசி சேர்ந்திருக்கும். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போலப் படிந்து கிடக்கும் அதை ஊதுவதால் மட்டும் எடுக்க முடியாது. மென்மையான தூரிகையால் கிளப்பிவிட்டு ஊத வேண்டும். ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டு ஆகியிருந்தால் சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றலாம்: பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப்பின் நடுவில் மிளகளவு வைத்தால் போதும்.

இனி, பலருக்கும் நம்ப முடியாத ஓர் உத்தி. கட்டுப்பாட்டுப் பலகத்தின் பவர் ஆப்ஷன்ஸில், மேம்பட்ட அமைப்புகளில், பிராசஸரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் இன்டெல் பிராசஸர்களில் டர்போ வேகம் (தேவைப்படும்போது வழக்கத்தைவிட மேலே தாவும் வேகம்) நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் கேம் எப்படி வேகமாகும்? பிராசஸர் தேவையில்லாமல் குடித்த மின்சாரம் கிராபிக்ஸுக்குப் போகிறது, வெப்பமும் இறங்குகிறது. கிராபிக்ஸ் சுமை மிகுந்த கேம்களில் இது நன்றாக உதவும். பிராசஸரை நம்பியிருக்கும் கேம்களில் நிலைமையைக் கெடுக்கும். அதனால்தான் அளவெடுக்கச் சொன்னேன். சில புதிய கணினிகளில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும். அப்போது கேமுக்குள்ளேயே எஃப்பிஎஸ் வரம்பு வைப்பதால் ஏறக்குறைய இதே பலனைப் பெறலாம்.

படி 4: டிரைவர்

டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராபிக்ஸை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரே நிறுவப்படவில்லை என்று பொருள். அவர்களும் மற்றவர்களும் இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து நேரடியாகப் புதிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். 6 முதல் 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் கிராபிக்ஸை 2022இல் அந்நிறுவனம் பழைய வரிசைக்கு மாற்றிவிட்டது. அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும்தான் வருகின்றன. எனவே அந்தக் கணினிகளில் ஒவ்வொரு பதிப்பாகத் துரத்த வேண்டிய அவசியமில்லை.

படி 5: ரெசல்யூஷன்

காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இதுதான். 1920×1080 திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20,73,600 பிக்சல்களை வரைய வேண்டும். 1600×900 என்றால் 14,40,000. 1280×720 என்றால் 9,21,600, அதாவது முதலாவதில் பாதிக்கும் குறைவு. நான் முதலில் 900க்கு இறக்கிப் பார்ப்பேன். பதினைந்து அங்குலத் திரையில் வேறுபாடு கண்ணை உறுத்துவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வேலை மிச்சமாகிறது.

கேமுக்குள் 'ரெண்டர் ஸ்கேல்' என்ற அமைப்பு இருந்தால் ரெசல்யூஷனைக் குறைப்பதைவிட அதைக் குறைப்பது சிறந்தது. எழுத்துகளும் வரைபடமும் கூர்மையாகவே இருக்கும், பின்னணிக் காட்சி மட்டும் குறைந்த பிக்சலில் வரையப்படும். குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும், ஏஎம்டி 2021இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் நுட்பம் கேமில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். இன்டெல் கிராபிக்ஸிலும் அது வேலை செய்யும். 1080 திரையில் 'குவாலிட்டி' நிலை 720இல் வரைந்து பெரிதாக்குகிறது. 'பெர்ஃபார்மன்ஸ்' நிலை 960×540இல் வரைகிறது. தொலைவில் இருக்கும் எதிரி புகைபோலத் தெரிவான். என் கண்ணுக்கு அது பிடிக்கவில்லை.

படி 6: கேமுக்குள் உள்ள அமைப்புகள்

நிழல்களில் தொடங்குங்கள். நிழலுக்காகக் காட்சியின் பெரும்பகுதியை விளக்கின் பார்வையிலிருந்து இன்னொரு முறை வரைய வேண்டியிருக்கிறது. 'லோ'வில் வையுங்கள், ஆனால் முற்றிலும் அணைத்துவிட்டால் பாத்திரங்கள் தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல் இருக்கும். ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மென்நிழல்), பிரதிபலிப்புகள், மூடுபனி, மோஷன் பிளர் (அசைவில் வரும் மங்கல்) எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுக்கும் ஆன்டி அலையசிங்கில், எம்எஸ்ஏஏ வகை நினைவகப் பாதையை அடைத்துவிடும். அதற்கு இங்கே இடமே இல்லை. எஃப்எக்ஸ்ஏஏ வகை மிகச் சிறிய சுமைதான். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரம் ரேமின் அளவைப் பொறுத்தது: 16 ஜிபி இருந்தால் நடுத்தரம், 8 ஜிபி என்றால் குறைந்த தரம். தொலைவில் எதுவரை தெரிய வேண்டும், தெருவில் எவ்வளவு கூட்டம் என்பவை பிராசஸரின் சுமை.

ஜிடிஏ 5 விளையாடுபவர்கள் புல்லின் தரத்தை முதலில் குறையுங்கள். நகரத்துக்குள் நன்றாக ஓடிவிட்டு மலைப்பகுதிக்குப் போனதும் திணறுவது அதனால்தான். வேலரண்ட் போன்ற கேம்கள் கிராபிக்ஸிடம் அதிகம் கேட்பதில்லை. அங்கே பிராசஸரும் இரட்டைச் சேனல் ரேமும்தான் கைகொடுக்கும், 99 சதவீத உத்தி கெடுக்கும்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் கணக்கு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று சொல்லும் ரெண்டர் டிஸ்டன்ஸ் 16 என்றால் உங்களைச் சுற்றி 33×33, அதாவது 1,089 சதுரத் துண்டுகளை வைத்திருக்க வேண்டும். 8 ஆக்கினால் 17×17, வெறும் 289. இத்துடன் சோடியம் என்ற இலவச 'மாட்'டையும் (கேமோடு சேர்க்கும் துணை மென்பொருளையும்) நிறுவுங்கள். பழைய மடிக்கணினியில் அது செய்யும் மாற்றத்தைப் பார்த்துக் குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். ரேம் முழுவதையும் ஜாவாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிராபிக்ஸுக்கும் அதிலிருந்துதான் பங்கு வேண்டும். இத்தகைய 'மாட்'கள் அதிகம் சேர்க்காத விளையாட்டுக்கு 2 அல்லது 3 ஜிபி போதும்.

கடைசியாக எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.7 மில்லி நொடிக்கும் புதுப்பிக்கிறது. 45 எஃப்பிஎஸ் வந்தால் சில ஃப்ரேம்கள் ஒரு சுற்று, சில இரண்டு சுற்று திரையில் நிற்கும். நடை தள்ளாடுவதுபோல் தெரியும். 30இல் நிறுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு சுற்று நிற்கும். எண்ணில் குறைவு, கண்ணுக்கு நிம்மதி. கணினியும் குளிர்ச்சியாக இருக்கும். 120 ஹெர்ட்ஸ் திரை உள்ளவர்கள் 40இல் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று சுற்று, அருமையான நடுவழி.

படி 7: விண்டோஸ்

இதற்குத்தான் பலரும் மணிக்கணக்கில் செலவிடுகிறார்கள், கிடைப்பதோ கொஞ்சம். கேம் பாரில் பின்னணியில் பதிவுசெய்யும் வசதியை அணையுங்கள். கேம் மோடு இயங்கட்டும். கேமுக்கு முன் பிரவுசரை முழுமையாக மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் காணொளி அதே கிராபிக்ஸையும் அதே ரேமையும் பங்கு கேட்கும். கணினி தொடங்கும்போதே எழுந்து வரும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அழிக்காதீர்கள். 8 ஜிபி கணினியில் அது இல்லையென்றால் கேம் பாதியில் மூடிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் எஃப்பிஎஸ் கூடாது, புதிய இடத்துக்குள் நுழையும்போது வரும் தடக்கல்கள் குறையும்.

எல்லாம் சரியாகி ஒரு மாதம் கழித்து மறுபடி மெதுவானால், முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் எக்ஸ்எம்பி அணைந்துபோவது வழக்கம். விண்டோஸ் அப்டேட் சில சமயம் டிரைவரை மாற்றிவிடும். அக்கா மகனின் கணினி தீபாவளி விடுமுறையில் அப்படித்தான் திணறியது. டிவைஸ் மேனேஜரைத் திறந்ததும் அவனே கண்டுபிடித்துவிட்டான்: பெயர் மீண்டும் யுஎச்டி. பையில் போட்டு எடுத்துச் சென்றதில் ஒரு ரேம் ஸ்லாட்டிலிருந்து லேசாக நகர்ந்திருந்தது. திருகுகளைத் தாளில் வரிசையாக வைத்துத் திறந்து, 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூடினான்.